மேடையில் கோளாறா? ஊர் ஊராகப் போகும் மெல்லிசைக் குழுவுக்கு, அறிகுறி வாரியாக

கீபோர்டைத் தூக்கிக்கொண்டு திருவிழா, கல்யாணம், கும்பாபிஷேகம் என்று இருபத்திரண்டு வருடமாக ஊர் ஊராகப் போய் வருகிறேன். பங்குனியில் ஆரம்பித்தால் ஆடி முடியும்வரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கச்சேரி இருக்கும். இத்தனை மேடையில் பார்த்த கோளாறுகளை எண்ணினால் ஒரு டஜன்தான் தேறும். அதே கோளாறுதான் ஊர் மாறி ஊர் வருகிறது. எங்கள் குழுவில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு நோட்டில் எழுதிக் கொடுத்ததை இங்கே கொஞ்சம் விரித்து எழுதியிருக்கிறேன்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஒயரையும் மாற்றி, மைக்கையும் மாற்றி, மிக்சரில் நாலு குமிழையும் திருப்பினால் எது சரியானது என்று தெரியாது. அடுத்த ஊரில் அதே பாட்டில் அதே இடத்தில் மறுபடி வரும்.

கையில் எப்போதும் ஒரு பை இருக்கட்டும். மல்டிமீட்டர், டெஸ்டர், இரண்டு நல்ல மைக் ஒயர், இரண்டு ஜாக் ஒயர், டிஐ பாக்ஸ் (கீபோர்டு, கிதார் ஒலியை மைக் ஒயர் வழியாக மிக்சருக்கு அனுப்பும் சின்னப் பெட்டி), கீபோர்டுக்கு இன்னொரு அடாப்டர், புது பேட்டரி, சிவப்பு டேப், தலையில் மாட்டும் டார்ச். டார்ச் மிக முக்கியம். செல்போன் வெளிச்சத்தில் வேலை பார்த்தால் ஒரு கைதான் மிச்சம்.

## மைக்கைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கிறது

இதை முதலில் வைக்கக் காரணம் உண்டு. மற்ற கோளாறில் கச்சேரி கெடும். இதில் ஆள் போய்விடுவார். 1972-ல் பிரிட்டனில் ஸ்வான்சீ மேடையில் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி மைக்கைத் தொட்டு மின்சாரம் பாய்ந்து இறந்தார். அன்றைக்கு அங்கே நடந்தது இன்றைக்கும் நம் ஊர் மேடையில் நடக்கலாம்.

சில வருடங்களுக்கு முன் தேனிப் பக்கம் ஓர் அம்மன் கோயில் திருவிழா. சாயங்காலம் தூறல் விட்டிருந்தது. மேடையில் விரித்த ஜமுக்காளம் மிதித்தால் நீர் கசியும் அளவு ஈரம். இரண்டாவது பாட்டில் பாடகி என் பக்கம் குனிந்து, “அண்ணே, உதட்டுல சுள்ளுன்னு வைக்குதுண்ணே” என்றது. கூட்டம் நிறைந்திருந்தது. நான் கைக்குட்டையை எடுத்து மைக் தலையில் சுற்றிக் கொடுத்து, “பாடும்மா, பார்த்துக்கலாம்” என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிக மோசமான வார்த்தை அது. நாலாவது பாட்டில் கிதார் வாசித்த தம்பி ஸ்டாண்டைத் தள்ளி வைக்கப் போனான். இடது கை கிதார் கம்பியில் இருந்தது, வலது கை ஸ்டாண்டில் ஒட்டிக்கொண்டது. சத்தம்கூட வரவில்லை, வாய் திறந்தபடி நின்றான். தபலாக்காரர் எழுந்து ரப்பர் செருப்புக் காலால் ஸ்டாண்டை உதைத்துத் தள்ளினார். தம்பி பிழைத்தான். மூன்று விரல் இரண்டு வாரத்துக்கு மரத்துக் கிடந்தது. காரணம், ஒரு ஆம்ப் பிளக்கில் எர்த் பின் இல்லை. யாரோ என்றைக்கோ வெட்டி எடுத்திருந்தார்கள்.

### யாராவது “லேசா சுள்ளுங்குது” என்று சொன்னால்

பாட்டை நிறுத்துங்கள். யாரும் மைக்கையோ ஸ்டாண்டையோ தொடக்கூடாது. மைக்செட்காரரிடம் சொல்லி மெயினை அணைக்கச் சொல்லுங்கள். “ஐந்து நிமிடம்” என்று அறிவிப்பாளர் பேசிக்கொள்ளட்டும்.

பிறகு எல்லோரையும் தள்ளி நிற்கவைத்து மெயினைப் போட்டு, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில், பெரிய அளவில் வையுங்கள். ஒரு முனையை மைக்கின் வலைத்தலையில், மறு முனையைக் கிதார் கம்பியில் வைத்துப் பாருங்கள். முனையின் பிளாஸ்டிக் பகுதியை மட்டும் பிடியுங்கள். ஒன்று, இரண்டு வோல்ட்டோடு நின்றால் பரவாயில்லை. அறுபது, நூறு என்று காட்டினால் எங்கோ எர்த் விட்டிருக்கிறது. 200-ஐத் தாண்டினால் உடனே மெயினை அணைத்துவிட்டு வயர்மேனைத் தேடுங்கள்.

### எதை எதைப் பார்ப்பது

முதலில் பிளக்குகள். மெயினை அணைத்து, ஒவ்வொன்றையும் உருவி எர்த் பின் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பத்துக்கு ஆறு தடவை கோளாறு இங்கேயே கிடைக்கும். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் கன்வெர்ட்டரில் சொருகியிருந்தால் அதுவும் எர்த் இல்லாத கணக்குதான்.

அடுத்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். மேல்துளையில் எர்த் இருக்கும், ஆனால் உள்ளே ஒயர் கழன்று கிடக்கும். அதற்குத்தான் சாக்கெட்டில் மூன்று அளவு எடுப்பது. வலது துளைக்கும் இடது துளைக்கும் நடுவே 230 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். வலது துளைக்கும் மேல்துளைக்கும் நடுவே கிட்டத்தட்ட அதே அளவு வர வேண்டும். இடது துளைக்கும் மேல்துளைக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். இரண்டாவது அளவு வராமல் ஆடினால் எர்த் இல்லை. மூன்றாவது 230 காட்டினால் பேஸும் (கரன்ட் வரும் ஒயர்) நியூட்ரலும் (கரன்ட் திரும்பும் ஒயர்) இடம் மாறியிருக்கிறது.

சாக்கெட் சரியாக இருந்தும் மைக்கில் வோல்ட் இருந்தால் ஏதோ ஒரு கருவியின் உள்ளே கசிவு. ஒவ்வொரு கருவியாக பிளக்கை உருவிக்கொண்டே மீட்டரைப் பாருங்கள். எதை உருவும்போது அளவு விழுகிறதோ அதுதான். அதை மேடையில் இருந்தே இறக்கிவிடுங்கள். பழுது பார்ப்பவர் கையில் கொடுக்கும்வரை திரும்ப ஏற்றாதீர்கள்.

### எப்போது உங்கள் வேலை முடிகிறது

எல்லா சாக்கெட்டிலும் எர்த் இல்லை என்றால் ஜெனரேட்டருக்கே, அல்லது அந்த இடத்துக்கே எர்த் போடவில்லை. அது நம் கையில் இல்லை. ஜெனரேட்டர்காரர் கம்பி அடித்து எர்த் கொடுக்க வேண்டும், அல்லது வயர்மேன் வர வேண்டும். அதுவரை கம்பி வாத்தியம் வேண்டாம், மைக் வேண்டாம். கமிட்டி கோபப்படும். படட்டும்.

கைக்குட்டை, ஸ்பாஞ்ச், ரப்பர் செருப்பு எதுவும் வைத்தியம் இல்லை. இரைச்சல் போக எர்த் பின்னை வெட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது. வெட்டுகிறவர் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

யாராவது ஒட்டிக்கொண்டால் அவரைத் தொடாதீர்கள். மெயினை அணையுங்கள், முடியாவிட்டால் உலர்ந்த கட்டையால் தள்ளுங்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையாலும் அழுத்தத் தொடங்குங்கள், நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது தடவை. 108-க்கு இன்னொருவர் போன் செய்யட்டும். எழுந்து உட்கார்ந்து “ஒண்ணுமில்லண்ணே” என்று சொன்னாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுங்கள்.

## விளக்கு சிலது பளிச்சென்று, சிலது மங்கல்

மேடை விளக்கில் பாதி திடீரென்று அதிகமாக எரிந்து, பாதி மங்கினால் ஆராய்ச்சிக்கு நேரமில்லை. மூன்று பேஸ் லைனில் நியூட்ரல் விட்டுவிட்டது. 230 போக வேண்டிய இடத்துக்கு 400 வரை போகும். கீபோர்டு அடாப்டர், மிக்சர், ஆம்ப் எல்லாம் ஒரே நிமிடத்தில் புகைந்துவிடும். மெயினை அணையுங்கள். பிறகுதான் பேச்சு.

நியூட்ரலை முறுக்கிச் சேர்ப்பது வயர்மேன் வேலை. நம் வேலை, சரிசெய்த பிறகு ஒவ்வொரு பாக்ஸிலும் வோல்ட் பார்த்துவிட்டுக் கருவியைப் போடுவது. 207-க்கும் 253-க்கும் நடுவே நிலையாக நின்றால் போடலாம்.

ஜெனரேட்டரில் ஓடும்போது எல்லா விளக்கும் சேர்ந்து மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கினால் அது வேறு கதை. சுமை அதிகம், அல்லது டீசல் வருவதில் தடை. சுழலும் விளக்குகளில் பாதியை அணைக்கச் சொல்லுங்கள். குறையாவிட்டால் ஜெனரேட்டர்காரரை எழுப்புங்கள். பெரும்பாலும் வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருப்பார்.

## “உம்ம்” என்ற இரைச்சல்

மிக்சரில் எல்லாச் சேனலையும் மியூட் செய்யுங்கள்.

### மியூட் செய்தும் இரைச்சல் நிற்கவில்லை

கோளாறு மிக்சருக்கும் ஆம்புக்கும் நடுவே. மேடையில் இருந்து மிக்சர் வரை போகும் நீள ஒயர், கரன்ட் ஒயரோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். பிரித்துப் போடுங்கள், குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் கூட்டல் குறிபோலக் கடக்கட்டும். அதற்கும் போகாவிட்டால் மிக்சர் ஒரு லைனிலும் ஆம்ப் வேறு லைனிலும் கரன்ட் எடுக்கிறது. இரண்டையும் ஒரே பாக்ஸுக்குக் கொண்டுவாருங்கள்.

### ஒரு சேனலில் மட்டும்

அந்த ஒயரை மாற்றுங்கள். பிறகு டிஐ பாக்ஸில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் பட்டனைத் தட்டுங்கள். அது ஒலி ஒயரின் எர்த்தை மட்டும்தான் பிரிக்கும், பிளக்கின் எர்த்தைத் தொடாது; அதனால் பயமில்லை. கிதாரில் மட்டும் இரைச்சல் வந்து, கம்பியைத் தொட்டால் கூடினால் கிதார் உள்ளே எர்த் ஒயர் விட்டிருக்கிறது. அன்றைக்கு ஓட்டிவிட்டு மறுநாள் பற்றவைக்கக் கொடுங்கள்.

### “ஜிர்ர்” என்று கூர்மையாக இருந்தால்

விளக்குப் பக்கம் போங்கள். கோபுரத்தில் தொங்கும் சீரியல் செட், மேடை டிம்மர் இரண்டில் ஒன்று. ஒவ்வொன்றாக அணைத்தால் தெரியும். விளக்கு ஒரு பேஸ், சவுண்ட் வேறொரு பேஸ் என்று மாலையிலேயே பிரித்துக் கேட்டால் இந்தத் தலைவலி வராது.

## சத்தமே வரவில்லை

மிக்சரின் மீட்டர் விளக்கைப் பாருங்கள்.

### விளக்கு ஆடுகிறது, ஆனால் கேட்கவில்லை

மிக்சர் வரை நலம். மாஸ்டர் ஃபேடர், மெயின் மியூட், ஆம்ப் ஸ்விட்ச், எம்சிபி (சுமை கூடினால் தானாக விழும் சுவிட்ச்) என்ற வரிசையில் பாருங்கள். ஆம்பில் “புரொடெக்ட்” என்று சிவப்பு எரிந்தால் சூடு, அல்லது ஸ்பீக்கர் ஒயரில் ஷார்ட். தூறலுக்குப் பயந்து ஓடுகிற ஆம்ப் மேல் தார்பாய் போர்த்தியிருப்பார்கள். அதை எடுத்துப் பத்து நிமிடம் காற்றாட விட்டால் பல தடவை தானாகத் திரும்பும். ஆறியும் சிவப்பு போகாவிட்டால் ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். கழற்றியதும் சிவப்பு அணைந்தால் ஒயர் அல்லது ஸ்பீக்கர். அணையாவிட்டால் ஆம்ப் பணிமனைக்குப் போக வேண்டியதுதான்.

### விளக்கும் ஆடவில்லை

மைக்கில் சுவிட்ச் இருந்தால் முதலில் அது. பிறகு ஒயர். பிறகு வேறு சேனல். கண்டென்சர் மைக், சில வகை டிஐ பாக்ஸ் இரண்டுக்கும் மிக்சரில் 48 வோல்ட் பட்டன் போட்டால்தான் உயிர் வரும்.

### விட்டு விட்டு, கரகர

பிளக்கின் கழுத்தை லேசாக வளைத்துப் பாருங்கள். கரகரத்தால் ஒயர்தான். உடனே, அந்த நிமிடமே, சிவப்பு டேப் சுற்றி வேறு பையில் போடுங்கள். “நாளைக்குப் பார்த்துக்கலாம்” என்று நல்ல ஒயரோடு சுருட்டி வைத்தால் நாளைக்கு இருட்டில் அதுதான் முதலில் கைக்கு வரும். கெட்ட ஒயர் ஒன்று ஒன்பது கச்சேரி எங்களோடு பயணம் செய்திருக்கிறது. மைக் ஒயரில் மூன்று பின். ஒன்று கவசம், இரண்டும் மூன்றும் ஒலி. மல்டிமீட்டரில் பீப் வைத்து இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று பார்த்துப் பற்றவைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். குழுவில் ஒருவருக்காவது ஈயம் பற்றவைக்கத் தெரிய வேண்டும்.

## மைக் ஊளையிடுகிறது

பாடுகிறவர் மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடித்திருக்கிறாரா பாருங்கள். இளம் பாடகர்கள் டிவியைப் பார்த்து அப்படிப் பிடிக்கிறார்கள். பொத்தினால் மைக் நாலாபக்கமும் கேட்கத் தொடங்கிவிடும். கையைக் கழுத்துக்குக் கீழே இறக்கினால் பாதி ஊளை நின்றுவிடும்.

அடுத்து மானிட்டர் ஸ்பீக்கர், அதாவது பாடுகிறவருக்கே கேட்க மேடையில் வைப்பது. சாதாரண கார்டியாய்டு மைக்கிற்கு (முன்பக்க ஒலியை எடுத்து, பின்பக்க ஒலியை விடுவது) மானிட்டர் நேர் பின்னால், மைக் வால் நோக்கும் திசையில் இருக்கட்டும். சூப்பர் கார்டியாய்டு (முன்பக்கம் இன்னும் குறுகலாக எடுப்பது) என்றால் நேர் பின்னால் கொஞ்சம் கேட்கும். அதற்கு மானிட்டரை நேர் பின்னால் வைக்காமல், பின்பக்கத்திலேயே ஓர் ஓரமாக வையுங்கள். பாடாத மைக்கை எல்லாம் இறக்குங்கள்.

பாடகர் ஆசையில் கூட்டத்துக்குள் இறங்கிப் பெரிய ஸ்பீக்கருக்கு முன்னால் போனால் எந்த இன்ஜினியராலும் காப்பாற்ற முடியாது. எதுவரை இறங்கலாம் என்று மாலையிலேயே தரையில் டேப் ஒட்டிக் காட்டிவிடுங்கள்.

டைல்ஸ் ஒட்டிய கல்யாண மண்டபத்தில் வேறு வழியில்லை, மொத்தச் சத்தத்தையே குறைக்க வேண்டும். சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களும் அதற்கு நன்றி சொல்வார்கள்.

## கார்ட்லெஸ் மைக் அறுந்து அறுந்து வருகிறது

பேட்டரி. பத்துக்கு ஏழு தடவை பேட்டரி. ஒவ்வொரு கச்சேரிக்கும் புதிது போடுங்கள்.

அதன் பிறகு ரிசீவர் இருக்கும் இடம். ஆம்ப் அடுக்குக்குப் பின்னால், இரும்புப் பெட்டிக்குள் வைத்திருந்தால் வெளியே எடுத்து, பாடுகிறவர் கண்ணுக்குத் தெரியும் உயரத்தில், இரண்டு ஆன்டெனாவையும் வி போல விரித்து வையுங்கள். இப்போது சின்னத் திருவிழாவுக்குக்கூட எல்இடி திரை வைக்கிறார்கள். ரிசீவரை அதன் பக்கத்தில் வைக்காதீர்கள். திரை போட்டதும் தூரம் பாதியாகக் குறைந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வீடியோக்காரரின் மைக்கும் நம்முடையதும் ஒரே சேனலில் இருக்கவும் வாய்ப்புண்டு. எல்லாவற்றையும் அணைத்து ஒவ்வொன்றாகப் போட்டால் எது மோதுகிறது என்று தெரியும். ஒயர் மைக் ஒன்று ஸ்டாண்டில் தயாராக, திறந்த சேனலோடு நிற்கட்டும்.

## கீபோர்டு சொன்னபடி கேட்கவில்லை

### நடுவில் அணைந்து அணைந்து எரிகிறது

அடாப்டர் ஒயரைக் கீபோர்டின் கால் ஸ்டாண்டில் ஒரு சுற்றுச் சுற்றி டேப் ஒட்டுங்கள். யாராவது இடறினால் பின் உருவிக்கொள்ளாது. பின் சரியாக இருந்தால் வோல்டேஜ் விழுகிறது. 600 விஏ யுபிஎஸ் ஒன்று கீபோர்டுக்கும் மிக்சருக்கும் என்று தனியாக வைத்துக்கொண்ட பிறகு இந்தத் தொல்லை எங்களுக்கு ஒழிந்தது.

அவசரத்தில் இன்னொருவர் அடாப்டரைச் சொருகாதீர்கள். யமஹா பெரிய மாடல் சிலதுக்கு 16 வோல்ட், சின்னதுக்கு 12 வோல்ட். பின் நடுவில் பிளஸ்ஸா மைனஸ்ஸா என்பதும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அடாப்டர் முதுகில் வட்டத்துக்குள் அந்தக் குறி இருக்கும். இரண்டும் பொருந்தாமல் சொருகினால் போர்டு போய்விடும்.

### எல்லாம் ஸ்ருதி மாறிக் கேட்கிறது

டிரான்ஸ்போஸ், அதாவது மொத்தக் கீபோர்டின் ஸ்ருதியையும் ஏற்றி இறக்கும் பட்டன். முந்தின பாட்டுக்கு ஒன்றரைக் கட்டைக்கு ஏற்றியதை மறந்திருப்போம். அதுவும் பூஜ்யமாக இருந்தால் டியூனிங் 440-ல் நிற்கிறதா பாருங்கள். பாட்டு லிஸ்டில் ஒவ்வொரு பாட்டுக்குப் பக்கத்திலும் கட்டையைப் பெரிதாக எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

### விட்ட பிறகும் சுரம் நீள்கிறது

பெடல் தலைகீழாகி இருக்கிறது. காலைப் பெடலில் வைத்துக்கொண்டே சுவிட்ச் போட்டிருப்பீர்கள். அணைத்து, காலை எடுத்து, மறுபடி போடுங்கள். போகாவிட்டால் பெடலையே உருவிவிட்டு வாசியுங்கள்.

### ஒரு கட்டை மட்டும் ஊமை, அல்லது தொட்டால் வெடிக்கிறது

உள்ளே ரப்பர் பட்டையில் தூசி. திருவிழா மண் அத்தனையும் அங்கேதான் போய் உட்காரும். அன்றைக்கு அந்தச் சுரத்தைத் தவிர்க்க, டிரான்ஸ்போஸில் அரைக்கட்டை தள்ளி வேறு விரலமைப்பில் வாசிக்கலாம். வீட்டில் திறந்து ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்தால் சரியாகும். திறந்து பழக்கமில்லாதவர் சர்வீஸ் கடைக்கே கொடுங்கள். ரிப்பன் ஒயர் கிழிந்தால் செலவு பத்து மடங்கு.

### பென்டிரைவைப் படிக்கவில்லை

கம்ப்யூட்டரில் வேறு வகையில் ஃபார்மேட் ஆகியிருக்கும். ஃபேட்32 ஆக மாற்றிய, அதே பாட்டுகள் உள்ள இரண்டாவது பென்டிரைவ் பையில் இருக்கட்டும்.

## தபலா, டோலக் ஸ்ருதி இறங்கிக்கொண்டே போகிறது

மார்கழி, தை இரவில் திறந்தவெளி மேடை என்றால் ஒன்பது மணிக்குச் சேர்த்த ஸ்ருதி பத்தரைக்கு நிற்காது. பனியில் தோல் தளரும். வாசிக்காத நேரத்தில் துணியால் மூடி வைப்பதுதான் முதல் வைத்தியம். பிறகு சுத்தியல். தபலாவின் விளிம்பு வளையத்தை மேலிருந்து தட்டினால் ஏறும், கீழிருந்து தட்டினால் இறங்கும். ஒரே இடத்தில் தட்டாமல் எதிரெதிராகச் சுற்றி வாருங்கள். பெரிய வித்தியாசம் என்றால் பக்கவாட்டில் வாருக்கு அடியில் இருக்கும் மரக்கட்டையைத் தள்ள வேண்டும்.

பறை வாசிக்கிறவர்கள் வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சுவது இதற்காகத்தான். நாங்கள் ஹாலோஜன் விளக்கில் இரண்டு மூன்று அடி தள்ளி வைத்துச் சூடு காட்டுவோம். அதைவிடக் கிட்டே போனால் நடுவில் உள்ள கறுப்பு வெடிக்கும். வெடித்துப் பெயர ஆரம்பித்தால் நாம் ஒன்றும் செய்ய முடியாது. வாத்தியம் செய்பவரிடம் மூட்டு (தோல் மூடி) மாற்றத்தான் வேண்டும்.

ஏசி மண்டபத்தில் இது தலைகீழ். காற்று உலர்ந்து தோல் இறுகி ஸ்ருதி ஏறும். கச்சேரிக்கு அரைமணி முன்பே உறையைக் கழற்றி உள்ளே வையுங்கள். கிதாருக்கும் அதுவே. வெயிலில் மூடிய வேனுக்குள் கிதாரை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், பிரிட்ஜ் பசை விடும்.

## மழை

தூறல் விழுந்ததும் மெயின். அதற்கு அப்புறம்தான் தார்பாய். நனைந்த எதையும் “வேலை செய்யுதா” என்று போட்டுப் பார்க்காதீர்கள். நனைந்ததால் கெடுவதைவிட நனைந்தபடி போட்டதால் கெட்டதுதான் அதிகம். பிளக்கை உருவி, பேட்டரியை எடுத்து, துடைத்து, ஃபேன் காற்றில் இரண்டு நாள் விடுங்கள். உள்ளே தண்ணீர் போன கருவியைப் பழுது பார்ப்பவர் திறந்து பார்த்த பிறகே போடுங்கள்.

## பாடகருக்குத் தொண்டை கட்டிவிட்டது

அரைக்கட்டை, ஒரு கட்டை இறக்கிக் கொடுங்கள். கீபோர்டுக்கு ஒரு பட்டன்தான் வேலை. உச்சஸ்தாயிப் பாட்டுகளை இன்னொருவருக்கு மாற்றுங்கள். தண்ணீர், ஆவி, பேசாமல் இருப்பது இவைதான் மருந்து. கிசுகிசுத்துப் பேசுவதும் தொண்டைக்கு வேலைதான், அதுவும் வேண்டாம்.

பாடும்போதே திடீரென்று குரல் அறுந்து வரவே இல்லையென்றால், அல்லது வலித்தால், அந்தப் பாட்டோடு நிறுத்திவிடுங்கள். மாத்திரை போட்டு மிச்சத்தை முடிக்கச் சொல்லாதீர்கள். அடுத்த நாளே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். கம்மல் மூன்று வாரம் தாண்டினாலும் அப்படியே.

## கச்சேரி முடிந்தும் காதில் “ங்ஙொய்”

காலையில் போய்விட்டால் காது எச்சரிக்கிறது என்று அர்த்தம். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காது, 100 டெசிபலில் கால் மணி நேரம்தான் தாங்கும். நம் மேடை அதற்குக் குறைவதில்லை. மானிட்டரைக் குறையுங்கள், மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சுபோன்ற காதடைப்பான் போடுங்கள், டிரம் தட்டுகளுக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். என் இடது காதில் உயர்ந்த சுரங்கள் இப்போது மங்கல். அது திரும்பி வராது. பையன்கள் யாரும் அப்படி ஆகக்கூடாது.

ஒரு காது திடீரென்று அடைத்துக் கேட்காமல் போனால் அழுக்கு என்று நினைத்துச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு இருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். நாள் கடந்தால் வைத்தியம் பலிக்காமல் போகலாம்.

## “மீதியை நாளைக்கு அனுப்பிடுறோம்”

முன்பணம் வாங்கும்போதே, மீதி கடைசி அரைமணிக்கு முன் கையில் வர வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். கமிட்டியில் யார் கொடுப்பார் என்று ஒரே ஒரு பெயரைக் கேளுங்கள். ஐந்து பேர் பெயர் சொன்னால் யாரும் கொடுக்க மாட்டார்கள். இடைவேளையில், மற்றவர்கள் முன்னால் இல்லாமல், தனியாகப் போய் மரியாதையாகக் கேளுங்கள். மேடையில் மைக்கில் கேட்டால் அந்த வட்டாரத்தில் அடுத்த வருடம் கச்சேரி கிடையாது.

பத்து மணிக்குக் காவல்துறை வந்து நிறுத்தச் சொல்வதும் பணத் தகராறில் முடியும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிப்படி இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழா நாட்களில் அரசு பன்னிரண்டு வரை தளர்த்தலாம். அதுவும் வருடத்துக்குப் பதினைந்து நாளைத் தாண்டாமல். அனுமதிக் கடிதத்தின் படத்தை முந்தின நாளே வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் உள்ள நேரத்துக்குத்தான் பாட்டு லிஸ்ட். பாதியில் நின்றால் முழுப்பணமா என்பதையும் முன்பணச் சீட்டிலேயே எழுதுங்கள்.

## டிரைவர் கண்ணைக் கசக்குகிறார்

இதற்குச் சோதனை எதுவும் இல்லை. இரண்டு தடவை கொட்டாவி, ஒரு தடவை வெள்ளைக் கோட்டை மிதித்தார் என்றால் வண்டியை ஓரம் கட்டச் சொல்லுங்கள். டீ குடித்தால், முகம் கழுவினால் கால் மணி நேரம் ஓடும். அதிகாலை இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில் அது போதாது. பெட்ரோல் பங்கில் விளக்கடியில் நிறுத்தி எல்லோரும் தூங்குங்கள். முன் சீட்டில் உட்காருகிறவர் தூங்கக்கூடாது என்பது எங்கள் குழுவில் சட்டம், அதில் பாடகருக்கும் விலக்கு இல்லை.

தூரமான ஊர் என்றால் தேதி பேசும்போதே கமிட்டியிடம் ஒன்று சேர்த்துக் கேட்டுவிடுகிறோம்: பத்துப் பேர் படுக்க இடம், ஒரு ஃபேன், ஒரு பாத்ரூம். இதுவரை இல்லை என்று சொன்ன ஊர் இல்லை. பள்ளிக்கூடத்தையோ சமுதாயக்கூடத்தையோ திறந்து பாயும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.